செடம் வாடுகிறதா? முதலில் பிடுங்கிப் பாருங்கள்

தக்காளிச் செடி வாடினால் அதைப் பிடுங்கிப் பார்க்க முடியாது. பிடுங்கினால் அதோடு கதை முடிந்தது. இலையிலேயே தண்ணீரைச் சேமித்து வைக்கும் செடம் (Sedum) அப்படிப்பட்ட செடி இல்லை. தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை உதறி, வேரைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் பழைய செய்தித்தாளில் போட்டு வைத்து மறுபடி நட்டாலும் பிழைத்துக்கொள்ளும். நுனியை வெட்டி நட்டாலும் வரும், உதிர்ந்த இலையைப் போட்டு வைத்தாலும் வரும். இவ்வளவு வசதி இருந்தும் நாம் என்ன செய்கிறோம்? இலை சுருங்கினால் ஒரு சொம்பு தண்ணீர், மஞ்சளானால் இன்னொரு சொம்பு, உதிர்ந்தால் ஒரு பிடி உரம். கோளாறு வேரில் இருக்க, வைத்தியம் இலைக்கு நடக்கிறது.

சென்னைப் புறநகரில் ஒரு மொட்டைமாடியில் ஒன்பது வருடமாக இந்தச் செடிகளோடு மல்லுக்கட்டி வருகிறேன். என்னிடம் செத்த செடம்களை வரிசையாக வைத்தால் மாடி கைப்பிடிச் சுவரை ஒரு சுற்று சுற்றிவிடலாம். அவற்றில் முக்கால்வாசி, நான் வேரைப் பார்க்காமல் வைத்தியம் செய்ததால் செத்தவை. கீழே அறிகுறிகளை வைத்தே எழுதியிருக்கிறேன். உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. உங்களிடம் இருப்பது எந்தச் செடம்?

நர்சரியில் கேட்டால் எல்லாமே 'சக்குலன்ட்', அதாவது சதைப்பற்றுச் செடிதான். செடம் பேரினத்தில் மட்டும் 400க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் பக்கம் கைக்கு வருபவை மூன்று நான்கு மாதிரிதான். தொங்கும் 'டாங்கி டெயில்', அதாவது கழுதைவால். நுனி சிவந்த மிட்டாய் போல இருக்கும் ஜெல்லி பீன். கூர்மையான இலையோடு ஆரஞ்சு நிறம் காட்டும் அடால்ஃபி. அப்புறம் தரையோடு படரும், எலுமிச்சை நிறத்துச் சின்ன இலைக்காரர்கள். முதல் மூன்றும் மெக்சிகோ வம்சம். மெக்சிகோ என்றதும் பாலைவனத்தை நினைத்துக்கொண்டு மே மாத வெயிலில் தூக்கி வைத்துவிடாதீர்கள். கழுதைவாலின் பூர்வீகம் வேராக்ருஸ் மாநிலத்து மலைச்சரிவு. பாறை இடுக்கில் வேரூன்றித் தொங்கும் செடி அது. தண்ணீர் நிற்காத, இரவானால் குளிர்கிற இடம். 1938இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டிய தாவரவியலாளர் எரிக் வால்தர் அதை முதலில் கண்டது காட்டில்கூட இல்லை, அங்கே ஒரு சிறிய நர்சரியில். படர்கிற சிறு இலை வகைகளில் பல, ஜப்பான், சீனா, ஐரோப்பா பக்கத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இலை மெல்லியது, சேமிப்பு குறைவு, தாகம் அதிகம். கழுதைவாலுக்கும் இவற்றுக்கும் ஒரே நாளில் தண்ணீர் ஊற்றினால் இரண்டில் ஒன்று கட்டாயம் கோபித்துக்கொள்ளும்.

இலை சுருங்கி, தோலில் வரி விழுந்திருக்கிறது

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். கொழுகொழுவென்று இருந்த இலை உலர்ந்த திராட்சை மாதிரி ஆகிவிடும். காரணம் இரண்டில் ஒன்று. தண்ணீர் போதவில்லை, அல்லது தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிவிட்டது. உறிஞ்சுவதற்கு வேர் இல்லாமல், ஈர மண்ணில் நின்றபடியே செடி தாகத்தில் தவிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம். வைத்தியமோ நேர் எதிர்.

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கை பழகிவிட்டால் எடையே பாதி பதிலைச் சொல்லிவிடும். பழகாதவர்கள் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை அடிவரை குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். மேல்மண் காய்ந்திருப்பதை நம்ப வேண்டாம். சென்னைக் காற்றில் மேலே ஒரு இஞ்ச் ஒரே பகலில் காய்ந்துவிடும், அடியில் சேறு அப்படியே கிடக்கும்.

ஈர்க்கு காய்ந்து வந்தால் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் இலை நிமிர்ந்துவிட்டால் அது வெறும் தாகம். அதோடு விடுங்கள். நிமிரவில்லையா, பிடுங்குங்கள்.

ஈர்க்கில் ஈர மண் ஒட்டி வந்தால் யோசிக்காமல் உடனே பிடுங்குங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கும், லேசாக இழுத்தால் தாங்கும். அழுகிய வேர் கறுத்திருக்கும். இரண்டு விரலால் உருவினால் தோல் கையோடு வந்துவிடும், நடுவில் நூல் மட்டும் நிற்கும். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வாடையே சொல்லிவிடும். கொஞ்சம் வேர் அழுகி மீதி நன்றாக இருந்தால் அழுகியதைக் கத்தரித்துவிட்டு, நிழலில் மூன்று நாள் வெறுமனே போட்டு வையுங்கள். பிறகு காய்ந்த மண்ணில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். அந்த ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம்.

மூன்றாவதாக ஒரு சங்கதியும் உண்டு. தண்ணீர் ஊற்றுகிறீர்கள், அடியில் வழிகிறது, ஆனாலும் தொட்டி கனக்கவில்லை, இலையும் நிமிரவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் சுற்றிலும் ஒரு உருண்டை, உள்ளே எலும்பாகக் காய்ந்திருக்கும். கோகோபீட் வேலை அது. ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தேங்காய் நார்த்தூள் தண்ணீரைத் தள்ளிவிடும். ஊற்றியதெல்லாம் தொட்டிச் சுவரோரமாகவே இறங்கிப் போகும். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் விட்டுத் தொட்டியை அரைமணி நேரம் உட்கார வைத்தால் அடியிலிருந்து ஊறி ஏறும். இது தற்காலிகம்தான். அந்த உருண்டையை எப்படிக் கழற்றுவது என்று கீழே வருகிறது.

செடியின் அடியில் உள்ள நாலைந்து இலை மட்டும் காகிதமாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, மேலே எல்லாம் நலம் என்றால் ஒன்றுமே இல்லை. வயதான இலை. காய்ந்ததைக் கிள்ளி எறிந்துவிடலாம்.

இலை கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் சொத்தென்று விழுகிறது

சுருங்காமல் இன்னும் பருத்து, பச்சை மங்கி, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தண்ணீர் தெரிகிற மாதிரி இருக்கும். இதில் குழப்பமே இல்லை. தண்ணீர் அதிகம்.

சில வருடத்துக்கு முன் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, "செடிகளைக் கொஞ்சம் பார்த்துக்கோங்கக்கா" என்றேன். அக்கா மனசு வைத்துப் பார்த்துக்கொண்டார். காலையும் மாலையும் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சொம்பு. போதாக்குறைக்கு ஐப்பசி மழை வேறு. பன்னிரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் கழுதைவால் இரண்டு தொட்டியும் வேகவைத்த பச்சைப் பட்டாணி மாதிரி தரையில் கிடந்தது. அக்காவைக் குறை சொல்லி என்ன செய்ய? "தண்ணியே ஊத்தாதீங்க" என்று சொல்லியிருக்க வேண்டியது நான். இரண்டு வாரம் தண்ணீர் இல்லாமல் கழுதைவால் தாராளமாகத் தாங்கும்.

உடனே செய்ய வேண்டியது: தொட்டியை மழை படாத, காற்று வருகிற இடத்துக்கு மாற்றிவிட்டு, பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் நன்றாக இருந்தால் பழைய மண்ணை உதறிவிட்டுக் காயவைத்து, புது மண்ணில் வையுங்கள். கண்ணாடியாகிப் போன இலை திரும்பாது, எடுத்துவிடுங்கள். வேரும் போய்விட்டதென்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

மழைக்காலத்தில் இது கூட்டம் கூட்டமாக வரும். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. செடம் எந்த மண்ணில் இருந்தாலும் அதைத் தாங்காது. புரட்டாசி கடைசியிலேயே சன்ஷேடுக்கு அடியிலோ, பாலிகார்பனேட் தகட்டுக்குக் கீழோ கொண்டுபோய்விடுங்கள். சாரல் சாய்வாக அடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பச்சை நிழல்வலை மழையைத் தடுக்காது. அது எனக்குத் தெரிந்தது ஒரு தொகுதிச் செடிகளை இழந்த பிறகு.

தண்டின் அடி கறுத்து மேலே ஏறுகிறது

இங்கே தண்ணீரை நிறுத்துவது மட்டும் போதாது. கறுப்பு நாளுக்கு நாள் ஏறும். மேலே பச்சையாக இருக்கும்போதே வெட்டியாக வேண்டும்.

கூர்மையான பிளேடை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெள்ளரிக்காய் மாதிரி வெளிர் பச்சையாக, சுத்தமாக இருக்க வேண்டும். நடுவில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் இன்னும் மேலே, பிளேடை மறுபடி துடைத்துவிட்டு. சுத்தமான முகம் கிடைக்கும்வரை ஏறிக்கொண்டே போங்கள். 'ஐயோ, இவ்வளவு நீளம் போகிறதே' என்று பாதியில் நிறுத்தினால் வாரம் கழித்து முழுவதும் போகும்.

வெட்டிய நுனியின் கீழ் இலைகளை ஒரு இஞ்ச் அளவுக்கு உதிர்த்துவிட்டு, நிழலில் நான்கைந்து நாள் சும்மா கிடத்துங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். அதற்கு முன்னால் மண்ணில் வைத்தால் கிருமிக்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரி. மஞ்சள் தூள், பட்டைத் தூள் தடவச் சொல்வார்கள். நான் இரண்டையும் தடவிப் பார்த்திருக்கிறேன், தடவாமலும் பார்த்திருக்கிறேன். பிழைத்தவை எல்லாம் நன்றாகக் காய்ந்தவை. தூளால் ஒரு வித்தியாசத்தையும் நான் பார்க்கவில்லை.

பழைய மண்ணை வேறு செடத்துக்குப் போடாதீர்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகே மறுபடி பயன்படுத்துங்கள்.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சாகிறது

உங்கள் மேல் தப்பு குறைவு. சமவெளி நர்சரிகளுக்கு வரும் செடம்களில் நிறைய, பெங்களூர், ஊட்டி போன்ற குளிர்ந்த இடங்களில் வளர்க்கப்பட்டவை. அங்கே நிழற்கூடத்தில், கோகோபீட்டில், மெலிந்த வெளிச்சத்தில் வளர்ந்தது இங்கே மொட்டைமாடிக்கு வருகிறது. நர்சரிக்காரர் தினமும் ஹோஸ் பைப்பால் அடிக்கிறார். நாம் வாங்கும்போதே பாதி வேர் போயிருக்கும்.

வாங்கி வந்த அன்றைக்கே பிடுங்குங்கள். வேரைச் சுற்றி கோகோபீட் உருண்டை இருக்கும். சில சமயம் அதற்குள் ஒரு வலைப்பையோ சின்னக் கூடையோ ஒளிந்திருக்கும். நாற்றுக்கட்டியில் வளர்த்ததன் மிச்சம் அது. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிடுங்கள். உருண்டையை விரலால் உதிர்க்க வராவிட்டால் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஊறவைத்து அலசி எடுக்கலாம். பிறகு இரண்டு மூன்று நாள் காய வைத்து நடுங்கள்.

எந்த மண்ணில் என்று கேட்பீர்கள். என் கலவை: செம்மண் ஒரு பங்கு, பொடிக்கல் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் அரைப் பங்கு. பொடிக்கல் என்றால் கட்டிட வேலைக்கு வாங்கும் பேபி ஜல்லியில் சலித்த சின்னக் கல், அல்லது செங்கலைத் தட்டி மிளகு, கடலை அளவுக்கு உடைத்தது. அடுப்புக் கரித்துண்டு இருந்தால் ஒரு கைப்பிடி. பெர்லைட் (பொரி மாதிரி இலேசான வெள்ளைக் கல்) கிடைத்தால் போடலாம், ஆனால் நாலு மழைக்குள் எல்லாம் மேலே மிதந்து வந்துவிடும். எம்-சாண்டை அப்படியே போடாதீர்கள். அதில் உள்ள தூள் இறுகி, தொட்டி ஒரு சின்ன கான்கிரீட் கட்டியாகிவிடும். சலித்துத் தூளைக் களைந்தால் மேலே நிற்கிற பருமணல் நல்ல பொருள். கலவை சரியா என்று பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து விநாடிக்குள் அடியில் சொட்ட வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் இன்னும் கல் சேருங்கள்.

தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சல்லி, கூழாங்கல் அடுக்கினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பல வருடம் அடுக்கினேன். நடப்பது வேறு. மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் சுலபத்தில் இறங்காது, மண்ணின் அடியோரத்திலேயே தேங்கி நிற்கும். கல் அடுக்கிய உயரத்துக்கு ஈரமும் மேலேறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. துளையின் மேல் ஒரு வலைத்துண்டு வைத்தால் போதும், கல்லை எல்லாம் மண்ணோடு கலந்துவிடுங்கள். தொட்டி நான்கு, ஐந்து இஞ்ச் ஆழம் போதும். மண் தொட்டி மிக நல்லது. அழகான பீங்கான் கிண்ணம், கண்ணாடிக் கூண்டு, அடியில் துளை இல்லாத தேநீர்க் கோப்பை எல்லாம் செடத்துக்கு ஆகாது.

தண்டு நீள்கிறது, இலைக்கும் இலைக்கும் இடைவெளி

வெளிச்சம் போதவில்லை. ஜெல்லி பீன் இதை மூன்றே வாரத்தில் காட்டிவிடும். நெருக்கமாக இருந்த இலை தள்ளித் தள்ளி வந்து, செடி ஜன்னல் பக்கமாகக் கழுத்தை நீட்டும். வீட்டுக்குள், டிவி பக்கத்தில், குளியலறை மாடத்தில் வைப்பதற்கான செடி இது இல்லை. விற்கிறவர்கள் படத்தில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

நீண்ட தண்டு மறுபடி குட்டையாகாது. நுனியை இரண்டு மூன்று இஞ்ச் வெட்டி, காயவைத்து, புதிதாக நடுங்கள். மொட்டையாக நிற்கும் அடித்தண்டை எறிய வேண்டாம். அதன் பக்கத்திலிருந்து இரண்டு, மூன்று கிளை வெடிக்கும்.

உடனே வெயிலுக்குத் தூக்கிப் போய்விடாதீர்கள். நிழலில் இருந்தது ஒரே நாளில் வெந்துவிடும். முதல் மூன்று நாள் காலை எட்டு மணி வரை, பிறகு ஒன்பது, பிறகு பத்து என்று இரண்டு வாரம் பழக்குங்கள். கிழக்குப் பார்த்த கைப்பிடிச் சுவரோரம் நம் ஊருக்கு மிகச் சரியான இடம்.

சிவந்துவிட்டது, அல்லது பழுப்புத் தழும்பு

சிவப்பைக் கண்டு பயப்படாதீர்கள். நல்ல வெயில், கொஞ்சம் தாகம், மார்கழிக் குளிர், இவை சேரும்போது ஜெல்லி பீன் நுனியில் சிவப்பு ஏறும், அடால்ஃபி ஆரஞ்சாகும். தொட்டால் இலை கெட்டியாக இருக்கும். அதைப் பச்சையாக்க உரம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து அழகைக் கெடுக்கிற வேலை.

தழும்பு வேறு. இலையின் ஒரு பக்கம், அதுவும் வெயில் விழுகிற பக்கம் மட்டும், வெளிறி, பிறகு பழுப்பாகி, காய்ந்த பொருக்கு மாதிரி ஆகும். வெயிலில் வெந்தது. தழும்பு போகாது, ஆனால் பரவவும் செய்யாது. 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே மாற்றிவிட்டு மறந்துவிடுங்கள். தழும்பு நாளுக்கு நாள் பெரிதாகி ஈரமாக இருந்தால் அது வெயில் இல்லை, அழுகல். மேலே கறுப்புத் தண்டுக்குச் சொன்ன வைத்தியம்தான்.

சித்திரை வந்தால் வளர்ச்சியே இல்லை

நிற்கட்டும். எழுப்பப் பார்க்காதீர்கள்.

காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ரணகள்ளி இருக்கும், செடத்துக்குப் பங்காளி முறை. தரங்கம்பாடிக்கு மொராவியன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியராக வந்து, பிறகு சென்னை அரசின் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் அந்த ரணகள்ளி இலையை மென்று பார்த்திருக்கிறார். காலையில் புளிப்பு, நண்பகலில் சப்பென்று, சாயங்காலம் லேசான கசப்பு. அவர் இதை எழுதிய கடிதம் 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அந்தப் புளிப்பின் காரணம் பின்னாளில் தெரிந்தது. இந்தக் குடும்பத்துச் செடிகள் தண்ணீரை மிச்சம் பிடிக்கப் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்து மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. பகலில் அந்தச் சேமிப்பை எடுத்துத்தான் உணவு தயாரிப்பு. செடத்துக்கும் இதே வழக்கம்.

ஆக, இதற்கு இரவுதான் வேலை நேரம். அந்த இரவு குளிர்ந்திருக்க வேண்டும். சென்னையில் அக்கினி நட்சத்திரத்தில் நள்ளிரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு, கான்கிரீட் தளம் விடியும்வரை சூட்டைக் கக்கும். வேலை நேரத்திலும் துளையைத் திறக்க முடியாமல் செடி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அப்போது உரம் போட்டால் வேர் கருகும், தண்ணீர் தேங்கினால் வெந்நீரில் வேர் வேகும்.

இந்த இரண்டு மாதமும் தொட்டிகளைத் தளத்திலிருந்து தூக்கி, பலகை மேலோ இரும்பு ஸ்டாண்டிலோ வையுங்கள். மதிய வெயில் படக்கூடாது. ஏ.சி.யின் வெளி யூனிட் ஊதுகிற பக்கம் கூடவே கூடாது. தண்ணீர் சூரியன் இறங்கிய பிறகு, மண் அடிவரை காய்ந்திருந்தால் மட்டும். இலை லேசாகச் சுருங்கித்தான் இருக்கும். கார்த்திகை கடைசி தொடங்கி மாசி வரைதான் நம் சமவெளியில் இதன் வளரும் பருவம். வெட்டி நடுவது, தொட்டி மாற்றுவது, நீர்த்த உரம் கொடுப்பது எல்லாவற்றையும் அப்போதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்கள் இந்தப் பகுதியைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

கழுதைவால் மணி மணியாக உதிர்கிறது

கை பட்டாலே உதிரும். அது நோயில்லை, அதன் பிறவிக்குணம். உதிர்ந்த இலை கீழே விழுந்து வேர் விடுவதற்கான ஏற்பாடு. நடமாட்டம் இல்லாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். தொட்டி மாற்ற வேண்டுமானால் ஒரு வாரம் தண்ணீர் விடாமல் காயப்போடுங்கள். விறைப்பு குறைந்தால் உதிர்வது கொஞ்சம் குறையும்.

உதிர்ந்தவற்றைப் பொறுக்கி ஒரு தட்டில் கலவை மண் பரப்பி மேலாகப் போடுங்கள். புதைக்க வேண்டாம். வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் இரண்டு மூன்று வாரத்தில் ரோஸ் நிற வேர் வரும், பின்னாலேயே கடுகளவு குட்டி. வேர் வந்த பிறகு இரண்டு நாளுக்கொருமுறை லேசாகத் தெளித்தால் போதும். தாய் இலை வற்றிக் காயும்வரை பிய்த்துவிடாதீர்கள், குட்டிக்குச் சாப்பாடே அதுதான். ஒரு முழ நீள வால் வர இரண்டு மூன்று வருடம் பிடிக்கும்.

தொடாமலே, காற்றுகூட இல்லாமல், கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் கணக்கு வேறு. ஈரமா என்று பாருங்கள், பிடுங்குங்கள்.

வெள்ளையாக ஏதோ இருக்கிறது

மூன்று வெள்ளை உண்டு, மூன்றும் வேறு வேறு.

இலை முழுக்கச் சீராக, விபூதி பூசிய மாதிரி மெல்லிய வெண்பூச்சு: அது செடி தானே சுரக்கும் மெழுகு. வெயிலிலிருந்து காத்துக்கொள்ளும் போர்வை. தூசு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். அதே இலையில் திரும்ப வராது.

இலைக்காம்பின் இடுக்கில், நுனிக் குருத்தில், பஞ்சு பஞ்சாக: மாவுப்பூச்சி. தொட்டி விளிம்பில் எறும்பு வரிசை போகிறதா என்று பாருங்கள். பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்புகளே அதைப் பாதுகாத்து இடம் மாற்றும். காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள். நான்கு நாளுக்கொருமுறை, மூன்று தடவையாவது. முதல் தடவையில் முட்டை தப்பிவிடும். வேப்பெண்ணெய் அடிப்பதானால் லிட்டருக்கு 5 மில்லி, இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், பொழுது சாய்ந்த பிறகு. எண்ணெய் பட்ட இலையில் வெயில் பட்டால் வெந்துவிடும், மேலே சொன்ன மெழுகும் போய்விடும். அதனால் கழுதைவாலுக்கு நான் எண்ணெய் அடிப்பதில்லை. எறும்பு வராமல் இருக்க ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது நம் பாட்டிகள் மிட்டாய் டப்பாவுக்குச் செய்த அதே வேலைதான்.

மேலே ஒரு பஞ்சும் இல்லை, தண்ணீரும் சரி, வெயிலும் சரி, ஆனாலும் செடி மாதக்கணக்கில் மங்கிக்கொண்டே வருகிறதென்றால் பிடுங்கிப் பாருங்கள். வேரிலும் தொட்டியின் உள்சுவரிலும் சுண்ணாம்புத் தூள் ஒட்டிய மாதிரி இருந்தால் வேர் மாவுப்பூச்சி. பெர்லைட் என்று ஏமாந்துவிடாதீர்கள், நசுக்கிப் பாருங்கள். வேரை முழுவதும் கழுவி, முக்கால்வாசியை வெட்டிவிட்டு, ஐந்து நாள் காய வைத்துப் புது மண்ணில் வையுங்கள். பழைய மண் குப்பைக்குத்தான். பக்கத்துத் தொட்டிகளையும் ஒன்று விடாமல் பிடுங்கிப் பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது, மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் உப்புப் பொருக்கு: உங்கள் போர்வெல் தண்ணீர். கூடவே இலைநுனி காய்ந்து வரும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு விடுகிறேன் என்று நல்லெண்ணத்தில் செய்கிறவர்கள் பலர். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது? பாத்திரம் கழுவ, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர், உப்பு இருக்காது, அதைப் பிடித்து ஊற்றலாம். மழைத்தண்ணீர் ஒரு வாளி பிடித்து, தொட்டி அளவைப்போல் மூன்று மடங்கு ஊற்றி வடியவிட்டால் சேர்ந்த உப்பு கரைந்து போகும். அன்றைக்குப் பிறகு நன்றாகக் காயவிடுங்கள்.

தண்டிலிருந்து அந்தரத்தில் வேர்

காற்றில் ஈரம் அதிகம் அல்லது மண்ணில் ஈரம் குறைவு. கெடுதல் இல்லை. அந்த இடத்தில் வெட்டி நட்டால் சீக்கிரம் பிடிக்கும்.

கடித்த தழும்பு, நுனி காணோம்

மழைக்காலத்தில் ராத்திரி டார்ச் எடுத்துப் போய்ப் பாருங்கள், நத்தை. கோடையில் பகலிலேயே போனால் அணில். தாகத்துக்கு இலையைக் கடித்துச் சாறு குடிக்கிறது. மாடியில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்த பிறகு என் செடிகளுக்குச் சேதம் பாதியாகக் குறைந்தது.

படர்கிற வகை நடுவில் வழுக்கையாகிறது

கூட்டம் அதிகமாகி நடுவே காற்றும் வெளிச்சமும் போகவில்லை. முடி வெட்டுகிற மாதிரி இரண்டு விரற்கடை விட்டு மொத்தமாகக் கத்தரித்துவிட்டு, வெட்டியதை அதே தொட்டியின் வழுக்கையில் தூவி, மேலே ஒரு சிட்டிகை மண். பத்து நாளில் பிடித்துவிடும். இந்தச் சிறு இலை வகைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், இவற்றுக்கு மட்டுமே மண் லேசாக ஈரமாக இருக்கலாம்.

பூக்கவே இல்லை

கழுதைவால் தொட்டியில் பூப்பது அபூர்வம். நுனியில் ரோஸ் நிறத்தில் கொத்தாக வரும் என்கிறார்கள், ஒன்பது வருடத்தில் என் மாடியில் வந்ததில்லை. ஆன்லைனில் படம் பார்த்து, செடம் என்று விற்கும் 'ஆட்டம் ஜாய்' (Autumn Joy) வாங்கி ஏமாந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அது ஜெர்மனியில் உருவான கலப்பு வகை, இப்போது அதைச் செடம் பேரினத்திலேயே சேர்ப்பதில்லை. குளிர்காலத்தில் தரையோடு மடிந்து, உறங்கி, வசந்தத்தில் முளைக்கிற செடி. அதற்கு உண்மையான குளிர் வேண்டும். ஊட்டியில் உறவுக்காரர்கள் இருந்தால் அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.